மேற்கு ஜன்னலுக்குப் பூப்போட்ட துணி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. கேள்வி என்னவோ ஒரே வரிதான். ஸ்ரீரங்கத்துப் புது ஃபிளாட்டில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் வெள்ளைத் தரையில் பெரிய பெரிய பூக்கள் போட்ட ஸ்கிரீன் தைத்துப் போடலாமா? மற்றப் பக்கங்கள் எல்லாம் போடக் கூடாது என்று சொன்னவர்களைப் பற்றியவை. உள்ளலங்காரம் செய்து தருகிற இளைஞர் சாம்பலையும் சந்தனத்தையும் தாண்டி வேறு சாம்பிள் புத்தகத்தைத் திறக்கவே மறுக்கிறார். மருமகள், "ஊட்டி கெஸ்ட் ஹவுஸ் மாதிரி ஆயிடும் அத்தை" என்கிறாள். உங்கள் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. கெட்டிக்காரர்.

தாராளமாகப் போடலாம். எந்தப் பூ, எந்த ஜன்னல், என்ன துணி என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கும் அந்த இளைஞரின் வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பூப்போட்டதெல்லாம் மிடில் கிளாஸ் டேஸ்ட், மேடம்" என்றாராம். பாவம், அது அவர் சொந்தச் சரக்கு இல்லை. முன்னூறு வருஷமாக ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மாறிவந்த பேச்சு அது. யார் யார் எப்போது அதைப் பேசினார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

நம் பாட்டிமார் சீட்டி என்று சொல்லிப் பாவாடை தைத்துக்கொண்ட பூப்போட்ட பருத்தித் துணி, பதினேழாம் நூற்றாண்டில் சீமைக்குக் கப்பலேறியது. குஜராத்திலிருந்தும் போனது, ஆனால் கைதேர்ந்த சரக்கு நம் சோழமண்டலக் கரையுடையது. மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று கரையோரம் நெடுக அந்த வேலை நடந்தது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததே துணிக்காகத்தான். முதலில் அந்தத் துணியைக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்துக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். பிறகுதான், இதை நம் ஊரிலேயே விற்கலாமே என்று ஐரோப்பியக் கம்பெனிகளுக்குத் தோன்றியது.

லண்டனில் கடற்படை அலுவலக அதிகாரியாக இருந்த சாமுவேல் பீப்ஸ், 1663 செப்டம்பரில் மனைவிக்காகச் சீட்டி வாங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். உடுத்துவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அம்மாள் புதிதாக அமைத்துக்கொண்ட சிறிய அறையின் சுவரில் ஒட்டுவதற்கு. அடுத்த வருஷமே கிழக்கிந்தியக் கம்பெனி இறக்கிய பருத்தித் துணி இரண்டரை லட்சம் உருப்படிகளைத் தாண்டியது. சுவருக்கு வந்தது கட்டிலுக்குப் போயிற்று, கட்டிலிலிருந்து உடம்புக்கு ஏறிற்று. ராபின்சன் குரூசோ எழுதினாரே டேனியல் டீஃபோ, அவர் 1708இல் பொருமித் தீர்த்தார். தரையில் விரித்திருந்த துணி சீமாட்டிகளின் முதுகுக்கு வந்துவிட்டதாம். திரை, மெத்தை, நாற்காலி, படுக்கை எல்லாம் இந்தியத் துணியாகிவிட்டதாம். கம்பளிக்காரர்களும் பட்டு நெசவாளர்களும் பிழைப்புப் போகிறது என்று கொதித்துக்கொண்டிருந்த சமயம். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் டீஃபோவை உறுத்தியது பிழைப்பு மட்டும் இல்லை. நேற்றுவரை சாமானியர் கட்டிய துணியை இன்று பெரிய இடத்துப் பெண்கள் கட்டுகிறார்களே என்பது; யார் எந்த வீட்டுப் பெண் என்று துணியை வைத்துச் சொல்ல முடியாமல் போகிறதே என்பது.

1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டி உடுத்திய பெண்களைத் துரத்தித் துணியைக் கிழித்தார்கள். சிலர் மீது திராவகம் ஊற்றினார்கள். தீட்டிய துணியை இந்தியாவிலிருந்து இறக்கி உள்நாட்டில் விற்கக் கூடாது என்று 1700இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அது போதாதென்று 1721இல் இன்னொன்று. அச்சிட்ட பருத்தியை உடுத்தினால் ஐந்து பவுன் அபராதம். திரையாகவோ மெத்தை உறையாகவோ நாற்காலி உறையாகவோ போட்டாலும் குற்றம். யோசித்துப் பாருங்கள், நீங்கள் கேட்டிருக்கிற ஜன்னல் ஸ்கிரீனை ஒரு காலத்தில் பாராளுமன்றம் கூடித் தடை செய்தது. உங்கள் இளைஞராவது வெறும் முகத்தைத்தான் சுளித்தார்.

பிரான்சில் தடை இன்னும் நீளம், 1686 முதல் 1759 வரை. ஆனால் அரசனின் பிரியத்துக்குரிய பொம்பதூர் சீமாட்டி தன் பெல்வியூ மாளிகையைத் தடை அமலில் இருக்கும்போதே கள்ளச்சரக்கான சீட்டியால் அலங்கரித்தார். அவரை எந்தச் சேவகன் போய்ப் பிடிப்பான்? தடை நீங்கிய அடுத்த ஆண்டே வெர்சாய் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் என்பவர் அச்சுப் பட்டறை வைத்துப் பெரும் பணக்காரரானார். அதற்குள் வேலையின் சூட்சுமம் கடல் கடந்துவிட்டது. நம் கரையில் இருந்த ஏசு சபைப் பாதிரியார் கேர்தூ, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, துணிக்கு வண்ணம் ஏற்றும் முறை முழுவதையும் படிப்படியாக 1742இல் பிரான்சுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடிதம் எழுதுகிறவர்களை நம்பி ரகசியம் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு செப்புத் தகட்டு அச்சு வந்தது, 1783இல் தாமஸ் பெல்லின் உருளை அச்சுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு பூவை வரைய ஒரு பகல் பிடித்த இடத்தில், கஜக்கணக்கில் பூக்கள் ஓடின. விலை விழுந்தது. சாதாரணக் குடும்பத்தினர் வாங்கினார்கள், சமையற்கட்டு ஜன்னலுக்குப் போட்டார்கள். உடனே பெரிய வீடுகளில் சீட்டியென்றால் மூக்கைச் சுருக்கும் பழக்கம் வந்தது. 1930களில் லண்டனில் அலங்காரக்காரர் ஜான் ஃபவுலரும் பிறகு அவரோடு சேர்ந்த நான்சி லங்காஸ்டரும் பழைய பூந்துணிகளைத் தேடியெடுத்துப் பங்களாக்களில் போட்டபோது மறுபடி அது உயர்ந்த ரசனை ஆயிற்று. 1980களில் நியூயார்க்கில் மாரியோ புவாட்டா என்ற அலங்காரக்காரருக்குச் சீட்டி இளவரசர் என்றே பட்டப்பெயர். அதைப் பார்த்து எல்லாரும் வாங்கினார்கள். லாரா ஆஷ்லி கடைகளில் குவியலாகக் கிடைத்தது. பார்த்தார்கள், 1996இல் இகேயா கம்பெனி இங்கிலாந்தில் ஒரு விளம்பரம் எடுத்தது: பெண்கள் கூட்டமாகத் தங்கள் வீட்டுப் பூந்துணியையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடுகிறார்கள். வெறும் சுவரும் வெள்ளை மரமும்தான் நாகரிகம் என்று ஆயிற்று. இப்போது மறுபடி வெளிநாட்டு அலங்காரப் பத்திரிகைகளில் பூக்கள் எட்டிப் பார்க்கின்றன. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் உங்கள் இளைஞரே பூப்போட்ட சாம்பிள் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார், இரட்டை விலையில்.

இவ்வளவு தூரம் ஏன் இழுத்தேன் என்றால், சீட்டி மதிப்பிழந்த சமயங்களைப் பாருங்கள்: துணி கெட்டுப்போனதால் மட்டும் அது நடக்கவில்லை. யாரெல்லாம் வாங்க முடிகிறது என்பது மாறியபோது நடந்தது. ஆகவே "மிடில் கிளாஸ்" என்ற சொல்லுக்கு நீங்கள் கூச வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தை அவர் பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். விலை விழுந்தபோது கோடும் விழுந்தது. இன்று கடையில் தொங்குகிற பூந்துணிகளில் பெரும்பாலானவை எனக்கும் பிடிப்பதில்லை. பாலியஸ்டர் பளபளப்பில் ரோஜா போட்டோவை நகலெடுத்து ஒட்டியது போன்ற அந்த டிஜிட்டல் பூக்களை வீட்டில் மாட்டினால் மருமகள் சொன்னதைவிட மோசமாக இருக்கும். ஊட்டி கெஸ்ட் ஹவுஸே தேவலை.

நல்ல சீட்டிக்கு உயிர் கோட்டில் இருக்கிறது. பழைய வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால் கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரியும்.

முதலில் துணியைச் சாணத்தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் வெளுப்பார்கள். பிறகு கடுக்காய்த் தூளை எருமைப்பாலில் கரைத்து அதில் முக்கிக் காயவைப்பார்கள். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அதனால் எழுதும்போது திரவம் துணியில் கசியாமல் இட்ட இடத்தில் நிற்கும். படத்தைத் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளைபோட்டு, துணியில் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளிகளாக இறங்கும். அந்தப் புள்ளிகளைத் தொடர்ந்து கலம் ஓடும். கலம் என்பது மூங்கில் குச்சி, நுனிக்குச் சற்று மேலே மயிரையோ கம்பளியையோ உருண்டையாகச் சுற்றியிருக்கும். அந்த உருண்டையை விரலால் அழுத்துகிற அளவுக்கு மை இறங்கும். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுத்த திரவத்தைக் கொண்டு எழுதினால், கடுக்காய் ஏறிய துணியில் அது பட்ட மாத்திரத்தில் கறுக்கும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். எழுதும்போது சிவப்பு தெரியாது. துணி முழுவதையும் சாயவேர் போட்டுக் கொதிக்கும் அண்டாவில் இறக்கிய பிறகுதான், படிகாரம் பட்ட கோடுகள் மட்டும் சிவந்து எழும்பும்; மற்ற இடத்தில் ஒட்டிய நிறம் அலசி வெளுக்கப் போய்விடும். ஆக, எழுதுகிறவர் தான் தீட்டுகிற நிறத்தைக் கண்ணால் பார்க்காமலே கைப்பழக்கத்தில் தீட்டுகிறார்.

சாயவேர் என்றால் இம்பூறல். கடலோர மணலில் தானாக முளைக்கிற சின்னச் செடி, வேர்தான் சரக்கு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தோண்டிய வேருக்கு மதிப்பு அதிகம். கிளிஞ்சல் நிறைந்த மண்ணில் விளைகிற வேர் நல்ல சிவப்புக் கொடுக்கும். டச்சுக்காரர்கள் இலங்கையில் அதைத் தோண்டும் உரிமையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு, அவுரித் தொட்டியில் துணியை முக்க வேண்டும். நம் பக்கத்துத் தொட்டியில் தகரை விதையும் சுண்ணாம்பும் சேரும். பிறகு மெழுகை வெந்நீரில் எடுத்துவிட்டு மஞ்சளைத் தூரிகையால் மேலே பூசுவார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. கடைசியில் கஞ்சி போட்டு, மரக்கட்டையால் அடித்து, வழவழப்பான சிப்பியால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

ஐரோப்பாவில் அன்றைக்கு இருந்த அச்சுத்துணி தண்ணீரில் போட்டதும் சாயம் போகும். நம் துணி துவைக்கத் துவைக்கப் பிரகாசமாயிற்று. படிகாரத்தின் சூட்சுமம் அதுதான்.

எனவே கடைக்குப் போனால் முதலில் கோட்டைப் பாருங்கள். கையெழுத்தைப் போலவே கைக்கோட்டிலும் தடிப்பும் மெலிவும் இருக்கும். தண்டு வளைகிற இடத்தில் சற்று அழுந்தியிருக்கும். மசூலிப்பட்டினம் பக்கம் பெடனாவில் கட்டை அச்சில் செய்கிற துணியாக இருந்தால், அச்சும் அச்சும் சேருகிற இடத்தில் மயிரிழை விலகல் தெரியும். அதைக் குறை என்று சொல்லி விலை குறைக்கப் பார்க்காதீர்கள், அதுதான் அடையாளம். துணியைத் திருப்பிப் பாருங்கள். சாயம் ஊறியிருந்தால் மறுபக்கமும் நிழல் போல் பூத் தெரியும். மேலே மட்டும் ஒட்டிக்கொண்டு தடவினால் பிளாஸ்டிக் போல் விறைப்பாக இருந்தால் அது ஸ்கிரீன் பிரிண்ட். "ஒரிஜினல் கலம்காரி" என்று கடைக்காரர் ஆணையிட்டாலும் திருப்பிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

நிறம். வெள்ளைத் தரை வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, நீங்கள் கேட்பதையே 1643இல் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களும் கேட்டார்கள். இங்கிருந்து போன மெத்தை விரிப்புகள் பெரும்பாலும் அடர்ந்த சிவப்புத் தரையில் இருந்தன. அந்தச் சோகமான சிவப்பு வேண்டாம், வெள்ளையை அதிகம் விட்டு நடுவில் கிளையும் பூவுமாகப் போட்டு அனுப்புங்கள் என்று எழுதினார்கள். பிறகு மாதிரிப் படங்களையே அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் படங்களில் சீனத்துப் பாறையும் ஐரோப்பியப் பூத்தையல் கொடிகளும் கலந்திருக்கும். நம் ஆட்கள் அதைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த இலையையும் மயிலையும் சேர்த்து எழுதினார்கள். ஒரே கொம்பில் நாலு விதப் பூப் பூத்தது அப்படித்தான். உலகத்தில் எந்தத் தோட்டத்திலும் இல்லாத செடி அது. தாவரநூல் படித்தவர்கள் வந்து இது என்ன பூ என்று கேட்டால் மழுப்பிவிடுங்கள்.

ஸ்ரீரங்கத்து வெளிச்சத்துக்கு வெள்ளைத் தரை சரி, ஆனால் பால் வெள்ளை வேண்டாம். சற்றே பழுப்பேறிய வெள்ளையாக, சாயமேற்றாத காடாத் துணி நிறத்தில் எடுங்கள். பால் வெள்ளையில் பூக்கள் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். தூசியும் ஒரே மாதத்தில் காட்டிக்கொடுக்கும்.

இனி உங்கள் மேற்கு ஜன்னல். ஹாலில் சாயங்கால வெயில் நேராக விழுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான செய்தியே அதுதான். அருங்காட்சியகங்களில் இருக்கிற பழைய சீட்டிகளில் இலைகள் நீலமாக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நீல இலையை எவரும் வரையவில்லை. அவுரியும் சாயவேரும் தாக்குப்பிடித்தன, மேலே பூசிய மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிப்போயிற்று, பச்சை நீலமாயிற்று. வெயில் நிறங்களைச் சமமாகத் தின்பதில்லை. புதுச் சாயமானாலும் இதே கதைதான். நான்சி லங்காஸ்டருக்கு மங்கிய பூதான் பிடிக்கும். புதுத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்குவார்கள் அங்கே. நமக்கு அந்தச் சிரமம் இல்லை, காவிரிக்கரைச் சூரியன் இனாமாகவே செய்து கொடுப்பார். உங்களுக்கு மங்கல் பிடிக்கும் என்றால் சும்மா விடுங்கள். பிடிக்காது என்றால் ஸ்கிரீனுக்குப் பின்னால் வெள்ளைப் பருத்தியில் லைனிங் கட்டாயம் கொடுங்கள். லைனிங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவினால் பூவின் நிறமெல்லாம் கறுத்து, துணியின் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிப்போகும். லைனிங் இருந்தால் வெளிச்சம் அறைக்குள்ளிருந்து படும், வரைந்தது வரைந்தபடி தெரியும். தையல்காரர்கள் செலவு மிச்சம் என்று அதை வேண்டாம் என்பார்கள். கேட்காதீர்கள்.

ஹாலில் ஸ்கிரீன், சோபா, குஷன் என்று மூன்றுக்கும் ஒரே பூத் துணி போடுவதாக யோசித்திருக்கிறீர்கள். ஆங்கிலேயப் படுக்கையறைகளில் சுவர் முதல் நாற்காலி வரை ஒரே சீட்டியைப் போர்த்துவார்கள். குளிர்நாட்டில், வெளியே மாதக்கணக்கில் மழையும் மூட்டமும் இருக்கும்போது அது அடக்கமாக இருக்கும். நம் ஊரில் மே மாதத்தில் மூச்சு முட்டும். ஜன்னல் ஒன்றுக்கு மட்டும் பூ. சோபாவுக்கு அந்தப் பூவிலிருந்தே ஒரு நிறத்தை, முடிந்தால் அந்த ஆழ்ந்த நீலத்தை, வெற்றுத் துணியாக எடுங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே பூ இருக்கிறது, இன்னும் எத்தனை?

சின்ன அறைக்குச் சின்னப் பூ என்று ஒரு விதி சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொடிப் பூக்கள் நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால் தூசு படிந்த மாதிரித் தெரியும். பெரிய பூ சின்ன அறையிலும் நிற்கும், கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வெறுமை இருந்தால் போதும்.

ஆனால் பெரிய பூவுக்குச் செலவு கூடும், கணக்கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு கொத்து மறுபடி வருகிற தூரத்தைக் கடையில் ரிப்பீட் என்பார்கள். அது 64 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஸ்கிரீனுக்கு ஏழரை அடி, அதாவது 229 செ.மீ. துணி வேண்டும். பூ ஒவ்வொரு பாகத்திலும் ஒரே உயரத்தில் வர வேண்டுமானால் நான்கு ரிப்பீட், 256 செ.மீ. வெட்டியாக வேண்டும். பாகத்துக்கு 27 செ.மீ. கழிவு. அந்தக் கழிவில் குஷன் உறை தைத்துக்கொள்ளலாம். ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் கொசுவம் நிறைவாக விழும். கலம்காரி பெரும்பாலும் 44 அங்குலப் பன்னாவில் வருகிறது, ஸ்கிரீனுக்கென்றே நெய்த துணி அதைவிட அகலம். ஆகவே பன்னாவைக் கேட்காமல் மீட்டர் விலையை ஒப்பிட வேண்டாம். பூவுக்குத் தலைகால் உண்டு என்பதையும் தையல்காரரிடம் சொல்லிவையுங்கள். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு பாகத்தைத் தலைகீழாகத் தைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படுக்கையறைக்குப் பூப்போட்ட ஸ்கிரீனே வேண்டாம் என்பது என் யோசனை. அங்கே கிழக்கு ஜன்னல், சின்னது. வெற்றுத் துணி போதும். பூவைச் சுவரில் ஏற்றுங்கள். பலம்பூர் என்று ஒரு வகை விரிப்பு இருந்தது. கட்டில் அளவுக்கு ஒரே துணி, ஒரே படம், திரும்ப வராது. அடியில் பாறைக் குன்று, அதிலிருந்து நெளிந்து எழும்பும் ஒற்றை மரம், கிளையெல்லாம் பூ, பறவை. அந்த மாதிரி மரத்தை ஸ்ரீகாளஹஸ்தியில் இன்றும் கலத்தால் எழுதுகிறார்கள். ஒன்றை வாங்கிக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மாட்டினால் அறைக்கு அது போதும். லண்டன் நடிகர் டேவிட் காரிக்குக்குக் கல்கத்தா வியாபாரிகள் பரிசாக அனுப்பிய சோழமண்டலச் சீட்டியைச் சுங்கக்காரர்கள் பறிமுதல் செய்து வைத்துக்கொண்டார்கள். தன் மனைவி அழுகிறாள், கட்டிலும் மற்றத் துணிமணிகளும் தயாராகக் காத்திருக்கின்றன என்ற தோரணையில் 1775இல் அதிகாரிக்குக் கெஞ்சி எழுதினார் மனிதர். அந்தக் கட்டில் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்களை மறிக்க ஒரு மருமகள் மட்டும்தான்.

அந்த மினுமினுப்புப் பூச்சுக் கொடுத்த துணியை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகு, தூசியும் சட்டென்று ஒட்டாது. ஆனால் துவைத்தால் போய்விடும், மடித்து வைத்தால் மடிப்பில் கோடு விழும். மின்விசிறி ஓயாமல் சுற்றுகிற, மாதம் ஒரு தடவையாவது துவைக்கிற நம் வீடுகளுக்கு அது ஒத்துவராது. சாதாரணப் பருத்தி எடுங்கள், கொஞ்சம் கெட்டியாக.

கடைசியாக உங்கள் மாமியார் காலத்துக் கேள்வி: சாமி உருவம் உள்ள கலம்காரியைப் படுக்கையறையில் தொங்கவிடலாமா? உங்கள் மனசுக்கு உறுத்தினால் வேண்டாம், அவ்வளவுதான். நம் ஊரில் இந்தத் துணி வீட்டு ஜன்னலைவிடக் கோயிலையே அதிகம் அலங்கரித்திருக்கிறது. தேரில் உருளையாகத் தொங்குகிற தொம்பை, மேலே கட்டுகிற விதானம், வாசலில் தொங்கவிடும் துணி எல்லாம் கலத்தால் எழுதியவை. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் சில குடும்பங்கள் இன்னும் அந்த வேலையைச் செய்கின்றன. தஞ்சை மராட்டிய அரண்மனைக்குச் சேலை எழுதிக்கொடுத்த கருப்பூர்க் கலையின் வழிவந்த வேலை அது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். நேரில் போய், சாமி வேண்டாம், யாளியும் அன்னமும் கொடியும் மட்டும் எழுதிக்கொடுங்கள் என்று கேளுங்கள். உங்கள் சுவரின் அளவைக் கையோடு எடுத்துப் போங்கள். அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை அலசலும் காய்ச்சலும் இருக்கிறது, மழைக்காலமாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

எதை வாங்கினாலும் வெட்டுவதற்கு முன் தனியாகப் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை நனைத்து நிழலில் காயவையுங்கள். பருத்தி சுருங்கும். அதற்காகக் கொஞ்சம் சேர்த்தே வாங்குங்கள், லைனிங் துணியையும் சேர்த்து நனையுங்கள். ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் இருந்தால் முதல் சலவையிலேயே அடியோரம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்